லினக்ஸ் கணிப்பொறியில் திரை தோன்றாமை: காரணங்களும் பரிகாரங்களும்

கேரள மாநிலத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பகுதிகளில், அதாவது பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரங்களிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டாரங்களிலும், தமிழ் வழியில் கல்வி புகட்டும் பள்ளிகள் உள்ளன. மாநிலத்தின் பிற பள்ளிகளில் இருப்பது போலவே இப்பள்ளிகளின் கணிப்பொறிகளிலும் லினக்ஸ் என்னும் இயங்குதளமே உபயோகத்தில் இருக்கிறது. 2001இல் தொடங்கிய ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டமும், 2017இல் அத்திட்டமே உருமாறி அமைந்த ‘கைட்’ நிறுவனமும், உபுண்டு என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே தனியாகத் தொகுத்த இயங்குதளத்தைப் பரப்பி வந்துள்ளன.

லினக்ஸின் கருநிரலை 1991இல் முதன்முதலாக வெளியிட்டவர் பின்லாந்து நாட்டவரான லீனஸ் டோர்வால்ட்ஸ். அதன் உள்ளமைப்பு எவர்க்கும் மறைக்கப்படாதது என்பது பலரும் அறிந்த செய்தி. இதனால் விளையும் மற்றொரு நன்மையைப் பலர் கருதுவதில்லை. இவ்வியங்குதளம் தான் செய்த ஒவ்வொரு காரியத்தையும், தன்னால் செய்ய இயலாமற் போன காரியத்தையும், எழுத்தில் குறித்து வைக்கிறது. ஆகவே பழுது நேர்ந்தால் ஊகத்தை நம்பிச் செயற்பட வேண்டியதில்லை. எங்கே தடைப்பட்டது என்பதைப் படித்தே அறிந்துகொள்ளலாம்.

மறையூரில் உள்ள ஒரு பள்ளியை எண்ணிப் பார்ப்போம். காலையில் ஆசிரியர் கணிப்பொறியை இயக்குகிறார். மின்விசிறி சுழல்கிறது; விளக்கு எரிகிறது; ஆனால் திரை இருண்டே கிடக்கிறது. பழுது பார்ப்பவரை நாடி மூணாறு செல்ல வேண்டுமெனில் சுமார் 40 கிலோமீட்டர் மலைப்பாதையைக் கடக்க வேண்டும். எஸ்எஸ்எல்சி செய்முறைத் தேர்வோ நெருங்கிக்கொண்டிருக்கிறது. இந்நிலையில் ஆசிரியருக்குத் தோன்றும் முதல் யோசனை, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிவிடலாம் என்பதே. ஒரு மணி நேரத்தில் திரை ஒளி பெற்றுவிடும். ஆனால் மாணவர் ஓராண்டு முழுதும் வரைந்த படங்களும், எழுதிய நிரல்களும், சேமித்த பாடங்களும் அழிந்துபோகும். திரை இருண்டதனால் உள்ளே இருந்தவை அழிவதில்லை. அவசரத்தில் செய்த பரிகாரமே அவற்றை அழிக்கிறது. இவ்விழப்பைத் தவிர்க்கும் வழியைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திரை தோன்றும் முறை

பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் படங்கள் தோன்றுவதற்கும் இடையே ஐந்து படிகள் உள்ளன. முதற்படியில், தாய்ப்பலகையில் பதிந்துள்ள ஆரம்ப நிரல் விழித்தெழுந்து, ராம் முதலிய உறுப்புக்களைச் சோதிக்கிறது. தயாரிப்பாளரின் சின்னம் திரையில் தோன்றுவது இப்போதுதான். இரண்டாம் படியில், ‘கிரப்’ என்னும் சிறு நிரல், எந்தக் கருநிரலை ஏற்றுவது என்பதை முடிவு செய்கிறது. மூன்றாம் படியில், கெர்னல் எனப்படும் கருநிரல் ஹார்டு டிஸ்க், விசைப்பலகை, திரை ஆகியவற்றைத் தன் ஆளுகைக்குள் கொணர்கிறது. நான்காம் படியில், பின்னணிச் சேவைகள் ஒவ்வொன்றாகத் தொடங்குகின்றன. ஐந்தாம் படியில்தான் நுழைவுத் திரையும், அதன்பின் படங்களும் சாளரங்களும் கொண்ட பணித்திரையும் தோன்றுகின்றன.

பாலக்காட்டு விவசாயிகளுக்குப் பழக்கமான ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். 1955இல் திறக்கப்பட்ட மலம்புழா அணையின் கால்வாயில், கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அணை வறண்டுவிட்டது என்று எவரும் முடிவு கட்டுவதில்லை. வயலிலிருந்து கால்வாய்க் கரையோடு மேல்நோக்கி நடந்து, எந்த மதகு வரையில் தண்ணீர் வந்திருக்கிறது என்று பார்க்கிறோம். தண்ணீர் கடைசியாகக் காணப்படும் இடத்திற்கும் முதலில் காணப்படாத இடத்திற்கும் நடுவேதான் தடை இருக்க வேண்டும். திரை என்பது கணிப்பொறியின் கடைமடை. அது வறண்டிருப்பதனால் ஊற்றே வற்றிவிட்டது என்று கொள்வது தவறு.

ஆதலின் ஆசிரியர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதற்கேள்வி இதுவே: திரையில் இறுதியாகக் கண்டது என்ன? தயாரிப்பாளரின் சின்னம்கூடத் தோன்றவில்லையெனில், பழுது உறுப்பில் இருக்கிறது. லினக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சின்னம் தோன்றியபின் இருண்டதெனில், இரண்டாம் அல்லது மூன்றாம் படியை ஆராய வேண்டும். நுழைவுத் திரை தோன்றிக் கடவுச்சொல்லும் ஏற்கப்பட்டு, மீண்டும் நுழைவுத் திரையே வருமானால், முதல் நான்கு படிகளும் செம்மையாக உள்ளன. குறை ஐந்தாம் படியில் மட்டுமே.

சின்னமும் தோன்றாதபோது

இந்நிலையில் எளிய காரணங்களை முதலில் நீக்க வேண்டும். மானிட்டருக்குத் தனி ஸ்விட்ச் உண்டு. அதன் விளக்கு எரிகிறதா என்று காண்க. கேபிளின் இருமுனைகளையும் கழற்றி மீண்டும் பொருத்துக. மடிக்கணிப்பொறியோடு புரொஜெக்டரை இணைத்திருந்தால், அதனைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்குக. படம் புரொஜெக்டருக்குச் செல்லும்படி அமைந்திருப்பதனாலேயே மடிக்கணிப்பொறியின் திரை இருண்டு கிடப்பதுண்டு. மடிக்கணிப்பொறியெனில், மின்னிணைப்பை அகற்றி, கழற்றக்கூடிய பாட்டரியாயின் அதனையும் கழற்றி, பொத்தானை அரை நிமிட நேரம் அழுத்திப் பிடித்து, பின்னர் மின்னிணைப்பு மட்டும் கொடுத்து இயக்கிப் பார்க்கலாம்.

அடுத்து நோக்க வேண்டியது ராம். கணிப்பொறி இயங்கும்போது ‘பீப்’ என்ற ஒலி திரும்பத் திரும்ப எழுமானால், பெரும்பாலும் ராம் சரியாகப் பொருந்தவில்லை என்பதே பொருள். இங்கு இடத்தின் தட்பவெப்பமும் கருதத்தக்கது. மூணாறு, வட்டவடை போன்ற உயர்ந்த பகுதிகளில் மழைக்காலத்தின் ஈரம் உலோகத் தொடுமுனைகளில் மெல்லிய களிம்பை உண்டாக்குகிறது. கோடை விடுமுறையில் இரண்டு மாதங்கள் பூட்டிக் கிடந்த கணிப்பொறிகள், பருவமழையோடு பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் அடம்பிடிப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். பாலக்காட்டிலோ நிலைமை வேறு. மலைக்கணவாய் வழியே வீசும் வறண்ட காற்று கொணரும் தூசி மின்விசிறியிலும் ராம் பொருந்தும் பள்ளத்திலும் படிகிறது. இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றே. மின்னிணைப்பை முற்றிலும் அகற்றி, கையை ஓர் உலோகப் பொருளின்மேல் சற்று வைத்துவிட்டு, ராமைக் கழற்றி, அதன் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர்த் துகள்களைத் துடைத்து, மீண்டும் உறுதியாகப் பொருத்த வேண்டும்.

நெடுநாள் இயங்காத கணிப்பொறியில் கடிகாரத்தைக் காக்கும் பொத்தான் பாட்டரியும் தீர்ந்துபோகும். அப்போது தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று, ஆரம்ப நிரல் ஏதேனும் ஒரு விசையை அழுத்தும்படி கேட்டு நின்றுவிடும். 3 வோல்ட் கொண்ட இப்பாட்டரியை மாற்றி, தேதியைத் திருத்தினால் போதும்.

சின்னம் தோன்றியபின் இருளும்போது

முதலில் விசைப்பலகையின் ‘கேப்ஸ் லாக்’ விசையை அழுத்துக. அதன் விளக்கு எரிந்தும் அணைந்தும் மாறுமானால் கணிப்பொறி உயிரோடு இருக்கிறது. திரை மட்டுமே பேசவில்லை என்று அறியலாம்.

திரையை நேரடியாக ஆளும் பொறுப்பைக் கருநிரலே ஏற்பதால், திரைக்குரிய இயக்கி நிரல் பொருந்தாவிட்டால், பின்னால் எல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே திரை இருண்டுவிடும். புதுப்பித்தலுக்குப்பின் திடீரெனத் திரை மறைவது பெரும்பாலும் இதனாலேயே நிகழ்கிறது. நல்வாய்ப்பாக, உபுண்டு வகையில் கருநிரல் புதுப்பிக்கப்படும்போது முந்தைய கருநிரலும் வழக்கமாகப் பாதுகாக்கப்படுகிறது. கணிப்பொறி தொடங்கும்போது, பழைய வகையாயின் ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்திப் பிடித்தும், புதிய வகையாயின் ‘எஸ்கேப்’ விசையை ஒருமுறை தட்டியும், கிரப் பட்டியலைத் தோன்றச் செய்யலாம். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்னும் வரியைத் திறந்து, முந்தைய கருநிரலைத் தேர்ந்து இயக்குக. திரை தோன்றினால் காரணம் புலனாகிவிட்டது. புதிய திருத்தம் வரும் வரையில் அந்தப் பழைய கருநிரலைக் கொண்டே வகுப்பை நடத்தலாம்.

பழைய கருநிரலும் உதவவில்லையெனில் மற்றொரு சோதனை உண்டு. கிரப் பட்டியலில் முதல் வரியின்மேல் நின்று ‘இ’ என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தினால், தொடக்கக் கட்டளைகள் தோன்றும். ‘லினக்ஸ்’ என்ற சொல்லில் தொடங்கும் வரியின் இறுதிக்குச் சென்று, ஓர் இடைவெளி விட்டு, நோ, மோட், செட் என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களை இடைவெளியின்றி ஒரே சொல்லாக எழுதி, ‘எஃப்10’ விசையை அழுத்த வேண்டும். ‘திரையின் அமைப்பை நீ மாற்றாதே; ஆரம்ப நிரல் அமைத்தவாறே விட்டுவிடு’ என்று கருநிரலுக்கு இடும் கட்டளை இது. படம் சற்றுக் கரடுமுரடாகத் தோன்றலாம், ஆயினும் தோன்றும். இம்மாற்றம் அந்த ஒருமுறைக்கு மட்டுமே செல்லும் என்பதால் இதனால் அபாயம் ஏதுமில்லை.

கருப்புத் திரையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சொல் அடைப்புக்குறிக்குள் தோன்றி, கணிப்பொறி நின்றுவிடுவது வேறொரு நிலை. மின்சாரம் திடீரெனத் தடைப்பட்டதனால் ஹார்டு டிஸ்கின் கோப்பு அட்டவணையில் முரண்பாடு ஏற்பட்டிருக்கிறது என்பது இதன் பொருள். கணக்கர் பேரேட்டில் ஒரு பக்கம் எழுதி மறுபக்கம் எழுதுமுன் எழுந்து சென்றது போன்றது இது. எஃப், எஸ், சி, கே என்னும் நான்கெழுத்துக் கட்டளையோடு, திரையே குறிப்பிடும் பகுதியின் பெயரைச் சேர்த்து எழுதி, கேட்கப்படும் கேள்விகளுக்கு ‘ஒய்’ என விடையளித்தால், பெரும்பாலும் கணக்கு நேராகிவிடும். ஆனால் ஹார்டு டிஸ்கிலிருந்து ‘கடக் கடக்’ என்ற ஒலி கேட்குமானால் இதனைச் செய்யலாகாது. அது உறுப்பே தேய்ந்ததன் அடையாளம். அங்கு முதற்கடமை கோப்புக்களை வெளியே எடுப்பதே.

நுழைவுத் திரையில் தடைப்படும்போது

ஐந்தாம் படியில் ஏற்படும் தடையே பள்ளிகளில் மிகுதியாகக் காணப்படுவது. எளிதில் தீர்வதும் அதுவே. லினக்ஸில் படத்திரைக்குப் பின்னால் எழுத்துத் திரைகள் சில எப்போதும் ஆயத்தமாக உள்ளன. ‘கன்ட்ரோல்’, ‘ஆல்ட்’, ‘எஃப்3’ ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் அவற்றுள் ஒன்று தோன்றும். அங்கே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதி நுழையலாம். கடவுச்சொல்லை எழுதும்போது திரையில் புள்ளியோ நட்சத்திரமோ தோன்றாது. விசைப்பலகை பழுதுபட்டதென்று கருதி நிறுத்திவிடலாகாது.

உள்ளே சென்றதும் முதலில் ஹார்டு டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டி, எஃப் என்னும் ஈரெழுத்துக் கட்டளையை எழுதி, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் ‘எச்’ என்ற எழுத்தும் சேர்த்தால் கணக்கு தோன்றும். எங்கேனும் 100 சதவீதம் என்று காணப்படுமானால் காரணம் கிடைத்துவிட்டது. பணித்திரை தோன்றுவதற்குச் சில சிறு கோப்புக்களை எழுதியாக வேண்டும். எழுத இடமின்மையால் அது திரும்பிவிடுகிறது. வழக்கமாக 5 சதவீத இடம் நிர்வாகிக்கென ஒதுக்கப்பட்டிருப்பதால், படத்திரை மறுத்தாலும் எழுத்துத் திரையில் பணி செய்ய இயலுகிறது. பாடங்களுக்காக இறக்கிய காணொளிகளும், குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு நீக்காமல் விட்ட கோப்புக்களுமே பெரும்பாலும் இடத்தை அடைப்பவை. அவற்றை நீக்கினால் திரை வந்துவிடும்.

இடம் போதிய அளவு இருந்தும் நுழைவுத் திரையே சுற்றிச் சுற்றி வருமானால், வேறொரு பயனர் பெயரில் நுழைந்து பார்க்க. அவர் நுழைய முடிந்தால், இயங்குதளத்தில் குறையில்லை. முதற்பயனரின் கோப்புறையில் மட்டுமே குறை உள்ளது. நிர்வாகியின் அதிகாரத்தோடு ஏதேனும் ஒரு நிரலை இயக்கியபோது, அப்பயனருக்குரிய கோப்பு நிர்வாகியின் பெயருக்கு மாறியிருக்கலாம். புள்ளியில் தொடங்கும் மறைகோப்புக்களான ‘எக்ஸ்அத்தாரிட்டி’, ‘ஐசிஇஅத்தாரிட்டி’ ஆகியவை இவ்வாறு மாறுவதுண்டு. நிர்வாகியின் அதிகாரத்தோடு அவற்றிற்கு வேறு பெயரிட்டு ஒதுக்கிவிட்டால், தேவையானபோது அவை தாமே புதிதாகப் பிறக்கும். மாணவரின் பாடக் கோப்புக்களை இது தீண்டாது.

எழுத்துக் கட்டளைகளில் பழக்கமில்லாதவர்கள் கிரப் பட்டியலில் ‘ரெக்கவரி மோட்’ என்னும் வரியைத் தேர்ந்தெடுக்கலாம். இடத்தைச் சுத்தம் செய்தல், பாதியில் நின்ற புதுப்பித்தலைச் சீர்செய்தல், கோப்பு அட்டவணையைச் சோதித்தல் ஆகிய பரிகாரங்கள் அங்கே ஒரு பட்டியலாகவே தரப்பட்டுள்ளன. புதுப்பித்தல் நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போன பள்ளிகளுக்கு இவற்றுள் இரண்டாவது மிகவும் பயன்படும்.

இரு திரைச் சேவைகள்

லினக்ஸில் படங்களைத் திரையில் வரையும் சேவைகள் இரண்டு உள்ளன. ‘எக்ஸ்’ என்பது 1984இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றியது; ‘வேலண்ட்’ 2008இல் தொடங்கப்பட்டது. புதிய சேவை சில பழைய திரை அட்டைகளோடும் புரொஜெக்டர்களோடும் ஒத்துப்போவதில்லை. உபுண்டுவின் 22.04 பதிப்பில், நுழைவுத் திரையில் பெயரைத் தேர்ந்தபின் வலப்புறக் கீழ்மூலையில் பற்சக்கரம் போன்ற ஒரு குறி தோன்றும். அதனை அழுத்தி, ‘எக்ஸ்ஆர்க்’ என்ற பெயருள்ள வரியைத் தேர்ந்து நுழைந்தால், பழைய சேவை பணியை ஏற்றுக்கொள்ளும்.

இவை எவற்றாலும் பயனில்லையெனில் குறிப்பேட்டைப் படிக்க வேண்டும். எழுத்துத் திரையில் ‘ஜர்னல்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, டி, எல் என்னும் எழுத்துக்களை இடைவெளியின்றிச் சேர்த்து, பின்னர் இடைவெளி விட்டு, இரு சிறு கோடுகளும் ‘பூட்’ என்ற சொல்லும் எழுதினால், அன்று கணிப்பொறி தொடங்கியது முதல் நடந்த யாவும் நேர வரிசையில் தோன்றும். சிவப்பில் தெரியும் வரிகள் பிழைகள். இவற்றுள் சில நல்ல நிலையிலுள்ள கணிப்பொறியிலும் காணப்படுபவை. ஆதலின் பீதியடைய வேண்டியதில்லை. அவ்வரிகளைக் கைபேசியில் படம் பிடித்து, பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு அனுப்பினால், பயணமின்றியே பாதி வேலை முடிந்துவிடும். ‘கணிப்பொறி ஓடவில்லை’ என்ற செய்தியால் எவரும் உதவ இயலாது. எந்தப் படியில் நின்றது என்ற செய்தியோ பரிகாரத்தின் பாதி.

மீண்டும் நிறுவுமுன்

எம்முயற்சியும் பலிக்காமல், புதிதாக நிறுவியே ஆகவேண்டிய சந்தர்ப்பமும் வரக்கூடும். அப்போதும் கோப்புக்களைக் காப்பாற்ற வழி உண்டு. இயங்குதளத்தைக் கொண்ட யுஎஸ்பி பென்டிரைவ் ஒன்றிலிருந்து கணிப்பொறியைத் தொடங்கி, நிறுவாமலே முயன்று பார்க்கும் வகையைத் தேர்ந்தெடுத்தால், ஹார்டு டிஸ்கை மாற்றாமலே ஒரு தற்காலிகப் பணித்திரை கிடைக்கும். அதன் வழியே ஹார்டு டிஸ்கைத் திறந்து, மாணவர் கோப்புறைகளை மற்றொரு பென்டிரைவில் நகலெடுத்து, அந்நகல் திறக்கிறதா என்று வேறொரு கணிப்பொறியில் சோதித்தபின்னரே நிறுவத் தொடங்க வேண்டும். அந்தத் தற்காலிகத் திரை செம்மையாகத் தோன்றுவதே, மானிட்டரும் ராமும் நன்னிலையில் உள்ளன என்பதற்கு ஒரு சான்றுமாகும்.

வருமுன் காத்தல்

திரை இருண்ட கணிப்பொறியைப் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பது பலரின் வழக்கம். இது கோப்பு அட்டவணைக்குக் கேடு. ‘ஆல்ட்’, ‘பிரிண்ட் ஸ்கிரீன்’ ஆகிய இரு விசைகளையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்னும் ஆங்கில எழுத்துக்களைச் சில வினாடி இடைவெளியில் முறையே அழுத்தினால், எழுத வேண்டியவற்றை எழுதி முடித்து, ஹார்டு டிஸ்கை மேலும் எழுதாதவாறு பூட்டி, கணிப்பொறி தானே மறுபடியும் தொடங்கும். மூன்றாவது எழுத்து ‘பூட்’ என்னும் சொல்லின் முதலெழுத்து என்று நினைவிற் கொள்க.

ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை மிகுதி. மேகம் திரளும்போதே மின் செருகியை மட்டுமன்றி, புரொஜெக்டர் கேபிளையும் நெட்வொர்க் கேபிளையும் கழற்றிவிட வேண்டும். மின்னல் இவ்வழிகளிலும் நுழையக்கூடும். யுபிஎஸ் இல்லாத கணிப்பொறியில் புதுப்பித்தலைத் தொடங்கலாகாது. தேர்வுக்கு முந்திய வாரத்தில் எந்தக் கணிப்பொறியிலும் புதுப்பித்தல் வேண்டாம். மாதந்தோறும் ஒருநாள் மாணவர் கோப்புக்களை நகலெடுத்து வைப்பது நலம்.

கணிப்பொறி அறையில் ஒரு குறிப்புப் புத்தகம் இருத்தல் வேண்டும். எந்தக் கணிப்பொறி, எந்த நாள், திரையில் இறுதியாகக் கண்டது என்ன, செய்த பரிகாரம் என்ன என்பவற்றை அதில் எழுதி வருக. 2018இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்கள் உள்ள பள்ளிகளில் இப்பணியை மாணவரிடமே ஒப்படைக்கலாம். காரணத்தைப் படிப்படியாகத் தேடிக் காண்பதும், ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து விளைவை நோக்குவதும், கண்டதைக் கண்டவாறு எழுதுவதும் விஞ்ஞானத்தின் அடிப்படைப் பழக்கங்கள். ஒளி மறைந்த ஒரு திரையின்முன் நின்று அவற்றைக் கற்றுக்கொள்ளும் மாணவன், அந்தக் கணிப்பொறி பழையதாகி ஒதுக்கப்பட்ட பின்னரும் அவற்றை மறக்கமாட்டான்.